இரண்டாவது கயிறு இல்லை

எங்களூரில் பாயைத் தூக்கியாகிவிட்டால் அந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கக் கூடாது. தப்பு செய்தவன் விடியற்காலையில் வந்து, தன் குடும்பத்து நல்ல பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு, அந்தத் தப்புக்கு ஆளானவர்கள் வீட்டு முற்றத்தில் குனிந்து உட்காருவான். வீட்டுக்காரர்கள் மனம் இரங்கினால் வெளியே வந்து பாயைத் தூக்குவார்கள். தூக்கினால் தீர்ந்தது. செத்தவனைப் பற்றிப் பேசலாம், தீர்ந்ததைப் பற்றிப் பேசக் கூடாது. நான் பேசப் போகிறேன். அறுபத்தைந்து வயதுக்கு மேல் ஊர்ச்சபை என்னை என்ன செய்துவிடும்? பன்றி அபராதம் போட்டால் போடட்டும், என்னிடம் பன்றியே கிடையாது.

பேச்சு பெனியாமினா வாத்தியாரைப் பற்றித்தான். போன வருஷம் போய்ச் சேர்ந்துவிட்டான். சவப்பெட்டிக்கு முன்னால் பாஸ்டர் அரை மணி நேரம் அவன் நல்ல குணங்களைச் சொன்னார். எல்லாம் உண்மை. ஒன்றை மட்டும் விட்டுவிட்டார், விடவேண்டியது வழக்கம் என்பதால்.

நியூசிலாந்துக்கு வடக்கே நடுக்கடலில் கிடக்கிற சவாயித் தீவின் வடகரையில் எங்கள் பள்ளிக்கூடம். அவன் ஆங்கிலம், நான் கணக்கு. இரண்டு வகுப்புக்கும் நடுவில் இடுப்பளவு பலகைத் தடுப்புதான். அவன் பாடம் முழுக்க என் பிள்ளைகள் காதில் விழும். கணக்கை விட்டுவிட்டு அதைத்தான் கேட்பார்கள். நானும் கேட்பேன், அது வேறு விஷயம். ஆள் நெட்டை. மற்றவர்கள் காதில் பூ வைத்தால் இவன் காதில் பேனா வைப்பான். இளவயதில் ரக்பி ஆடி இடது கால் பெருவிரல் கோணலாகிவிட்டது. செருப்பு போட்டாலும் அது மட்டும் வெளியே எட்டிப்பார்க்கும்.

மழை வந்தால் நாங்கள் ‘பெய்யுது’ என்போம். ஒரே சொல், முடிந்தது. யார் பெய்கிறார் என்று எவனும் கேட்கமாட்டான். ஆங்கிலத்தில் அப்படி விடமாட்டார்களாம். ‘இட் இஸ் ரெய்னிங்’ என்று கரும்பலகையில் எழுதுவான். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது ஒரு பிள்ளை அதே கேள்வியைக் கேட்கும்.

“சார், அந்த இட் யாரு சார்?”

“யாருமில்ல.”

“யாருமில்லாதவனுக்கு எதுக்கு சார் பேரு?”

“வெள்ளைக்காரனுக்கு வாக்கியத்துல முதல் இடம் காலியா இருந்தா சாப்பாடு இறங்காது. ஆள் வரலேன்னா ஒரு பொம்மையக் கொண்டாந்து உக்கார வச்சிடுவான். அந்தப் பொம்மைதான் இட்.”

“மழைய அனுப்பறது கடவுள்னு பாஸ்டர் சொன்னாரே சார்?”

“அப்ப பாஸ்டர்கிட்டயே போய் இட்டுக்கு ஒரு ஜெபம் பண்ணச் சொல்லு, போ.”

பாஸ்டர் காதுக்குப் போய் அது ஒரு வாரம் பஞ்சாயத்து ஆயிற்று. அது தீர்ந்த மறுநாளே ‘தேர் இஸ் எ பிக்’ என்றான். நாற்பது தலைகளும் பன்றி எங்கே எங்கே என்று வெளியே திரும்பின. என் வகுப்பு இருபத்தெட்டும் சேர்ந்து திரும்பியது. “அங்க ஒண்ணும் இல்லடா, அதுவும் பொம்மைதான்!” என்று அவன் கத்த, நான் தடுப்புக்கு மேலே சாக்பீஸை விட்டெறிந்தேன். அன்றிலிருந்து ஊருக்கே அவன் ‘இட் வாத்தியார்’.

எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் ஊர்ச்சபைக் குறிப்பு எழுதும் வேலையையும் அவன் தலையில் கட்டினார்கள். குடித்தலைவர்கள் தூணுக்குத் தூண் சாய்ந்து உட்கார்ந்து பேசுவார்கள், இவன் ஓரமாகச் சம்மணம் போட்டுப் பெரிய புத்தகத்தில் எழுதுவான். அவன் எழுத்தில் ஒரு வினோதம் உண்டு. எதையும் யாரும் செய்யமாட்டார்கள், எல்லாம் தானாக நடக்கும். லவுலி என்று ஒருவன் ஓங்கி ஒரு குத்து விட்டு எதிர்வீட்டுக்காரன் பல்லை உடைத்தான். இவன் எழுதியது: ‘இரு வீட்டாருக்கும் இடையே ஒரு பல் விழுந்தது.’ தேங்காய்த் திருட்டு என்றால் ‘தேங்காய் குறைவாக இருந்தது.’ கெட்ட வார்த்தைச் சண்டை என்றால் ‘சில சொற்கள் இருந்தன.’

ஊர்த்தலைவர் லேவாசா ஐயா அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டு வயிறு குலுங்கச் சிரிப்பார். “பெனி, நீ எழுதினா குத்தம் இருக்கும், குத்தவாளி இருக்கமாட்டான். அதனாலதான்டா நம்மூர்ல சண்டை ஒரு நாளைக்கு மேல நிக்கிறதில்ல.”

அது உண்மை. பெயர் எழுதாததால் யாருக்கும் முகம் சுருங்காது. இரண்டு குடும்பமும் கேட்டுவிட்டு ஒரே வழியில் வீடு திரும்பலாம். கெட்ட எண்ணத்தில் அவன் அந்தப் பழக்கத்தைப் பிடிக்கவில்லை, நல்ல எண்ணத்தில்தான் பிடித்தான்.

எனக்கு அவன்மேல் ஆசை. இந்த வயதில் மறைக்க என்ன இருக்கிறது? மத்தியானத்தில் ஈரப்பலா மரத்தடியில் உட்கார்ந்து ஒன்றாகச் சாப்பிடுவோம். நான் சேப்பங்கிழங்கு கொண்டுவருவேன், அவன் தேங்காய்ப்பாலில் வெந்த கீரைப்பொதி கொண்டுவருவான். அவன் அம்மா எங்களைக் கணக்கில் வைத்தே ஒரு நல்ல பாய் முடைந்துகொண்டிருந்தாள். ஓரத்தில் சிவப்பு இறகு கட்டிய பாய், துணி மாதிரி மடியும். பெண் கேட்க வரும்போது கொண்டுவர.

என் தம்பி செமிசிக்கு அப்போது இருபத்திரண்டு. கூடப்பிறந்தவள் ஆணுக்குக் கண்ணோரம் என்பது எங்கள் பழமொழி. கண்ணோரத்தில் தூசு பட எவன் விடுவான்? ஆனால் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை. பெனியாமினாவை ஊர் நடுவிலேயே ‘அத்தான்’ என்று கூப்பிடுவான்.

“என்ன அத்தான், எங்க அக்கா கிழங்கையே தின்னுட்டிருந்தா எப்படி? பாயோட எப்ப வர்றீங்க?”

“அம்மா இன்னும் ஒரு முழம் முடையணுமாம்.”

“அந்த ஒரு முழத்த நான் முடைஞ்சு தரேன், எந்திரிங்க.”

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்பது, மே மாதம். ஜூனில் சுதந்திர நாளுக்குத் தலைநகர் ஆப்பியாவில் நீண்ட படகுப் போட்டி. எங்கள் ஊர்ப் படகு இரண்டு வருஷக் கொப்பரையை விற்றுக் கட்டியது. நாற்பத்தாறு துடுப்பு. பயிற்சிக்காக அதைக் கொட்டகையிலிருந்து இறக்கிப் பவளப்பாறைக்கு உட்பக்கத்துக் கடலில் நிறுத்தியிருந்தார்கள். முன்னால் ஒரு கயிறு, பின்னால் ஒரு கயிறு, கரையில் நட்ட கட்டையோடு கட்டி. இரண்டும் புது நீல நைலான். காவல் பொறுப்பு செமிசிக்கு. படகைக் குழந்தை மாதிரி துடைப்பான்.

ஒரு சனிக்கிழமை இரவு காற்று மழை. ஞாயிறு விடிந்தபோது படகு பாறைமேல் இரண்டாகக் கிடந்தது. முன்கயிறு அறுந்து தொங்கியது. பின்கயிறு கட்டையிலும் இல்லை, படகிலும் இல்லை. அன்றைக்குக் கோயிலில் யாரும் உரக்கப் பாடவில்லை. மத்தியானம் பாஸ்டர் வீட்டில் தலைவர்களுக்கு விருந்து, பெனியாமினா வீட்டுப் பன்றி. வாய் திறக்காமல் தின்றார்கள். ஆனாலும் தின்றார்கள்.

திங்கட்கிழமை சபை கூடியது. பெண்களுக்கு அங்கே இடமில்லை என்பதால் நானும் அம்மாவும் பக்கத்துக் கூரைக்குக் கீழே உட்கார்ந்தோம். எங்கள் வீடுகளுக்குச் சுவர் கிடையாது, எல்லாம் கேட்டது.

“ரெண்டு கயிறும் கட்டினியா?” லேவாசா ஐயா குரல்.

“கட்டினேனுங்க. பொழுது சாயறதுக்கு முன்னாடி இழுத்துப் பாத்துட்டுத்தான் வந்தேன்.”

“கட்டினா பின்கயிறு எங்க? அவுந்திருந்தா கட்டையிலயாவது கிடக்கணும், இல்ல படகுல கிடக்கணும். எவனாவது எடுத்தானா?”

செமிசி பதில் சொல்லவில்லை. வெகுநேரம் சத்தமே இல்லை. கோழி கத்தியது கேட்டது. பிறகு, “தெரியலீங்க” என்றான்.

எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயைத் திறந்து எவனையாவது சொல்லேன்டா, குறைந்தபட்சம் சத்தியமாவது பண்ணேன்டா என்று பல்லைக் கடித்தேன். ஒருவேளை கட்டத்தான் இல்லையோ என்று ஒரு நொடி எனக்கே தோன்றியது. அந்த ஒரு நொடிக்காக நான் இன்னும் என்னை மன்னிக்கவில்லை.

தீர்ப்பு: குடும்பத்துக்கு இருபது பன்றி, செமிசிக்கு ஊர்விலக்கு. புத்தகத்தில் எழுதிய வரியை வழக்கம்போல வாசிக்கச் சொன்னார்கள். பெனியாமினா வாசித்தான். “இரண்டாவது கயிறு இல்லை. படகு போயிற்று.” குரல் நடுங்கியது. என் வீட்டுக்காகத்தான் நடுங்குகிறான் என்று நினைத்து எனக்கு அவன்மேல் இன்னும் ஆசை கூடியது. முட்டாள் கழுதை நான்.

மறுநாள் செமிசி துணிமூட்டையோடு சலேலோலோகா துறைக்குப் பஸ் ஏறினான். ஆறு மாதத்தில் ஆக்லாந்து, ஒரு டயர் தொழிற்சாலை. பெனியாமினா பாயோடு வரவில்லை. அடுத்த மாதமும் வரவில்லை, அடுத்த வருஷமும் வரவில்லை. விலக்கப்பட்டவன் அக்காவை எடுக்க அவன் குடும்பம் யோசிக்கிறது என்று நானே முடிவுகட்டிக்கொண்டேன். கேட்க வாய் வரவில்லை. ஆனால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மட்டும் தவறாமல் ஈரப்பலா மரத்தடிக்கு வருவான். அந்த வருஷத்திலிருந்து பன்றிக்கறியை வாயில் வைக்கவில்லை. “என்ன, பன்னி தின்னாத ஏழாம் நாள் சபையில சேந்துட்டியா?” என்று ஊரே கேலி செய்தது. சிரிப்பான், சொல்லமாட்டான்.

பாடம் நடத்துவதும் மாறியது. முன்னெல்லாம் பொம்மை, பொம்மை என்று பிள்ளைகளைச் சிரிக்கவைத்தவன், இப்போது கட்டுரையில் ‘கண்ணாடி உடைந்தது’ என்று எவனாவது எழுதினால் முகம் சிவந்துவிடும். “யாரு உடைச்சது? அத எழுது முதல்ல!” பிள்ளைகள் பயந்துபோவார்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் வகுத்தல் கணக்கு போட்டுக்கொண்டிருப்பேன். இந்த மனுஷனுக்கு என்ன வந்தது என்று நினைப்பேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்துச் சபையே மனமிரங்கி, பையன் திரும்பி வரலாம், குடும்பம் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டால் போதும் என்றது. அம்மா மாட்டேன் என்றுவிட்டாள். “எம்புள்ள ரெண்டு கயிறும் கட்டினான். கட்டினவன் எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?” செமிசியும் அதையே எழுதினான்: ‘அக்கா, புத்தகத்தில் அந்த வரி இருக்கும்வரை நான் வரமாட்டேன்.’

அவ்வளவுதான் வேண்டியிருந்தது. ஒரு வரி. அந்த வரியை எழுதிய கை தினமும் என் பக்கத்தில் உட்கார்ந்து கிழங்கு உரித்துக்கொண்டிருந்தது. கேட்டேன்.

“பெனி, அந்த வரிய அடிச்சிடு. எங்கம்மா சாகறதுக்குள்ள அவன் ஒரு தடவ வரட்டும்.”

“சபை வரி அது. நான் எப்படி அடிக்கிறது?”

“எழுதினது உன் கைதானே?”

“பொய் எழுதலயே ரூத்தா. கயிறு இல்லதானே.”

“இல்லேன்னா? கால் முளைச்சு நடந்து போச்சா அது?”

உரித்த கிழங்கையே மறுபடி உரித்துக்கொண்டிருந்தான். சபைக்குப் பயப்படுகிறான் என்று நினைத்தேன். “உனக்கு முதுகெலும்பே இல்ல” என்றேன். “ஆமா, இல்ல” என்றான். ஒரு வருஷம் அவனோடு பேசவில்லை. அந்த ஒரு வருஷமும் அவன் தினமும் மரத்தடிக்கு வந்து தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனான். பதிமூன்றாம் மாதம் நான்தான் போனேன். இல்லாவிட்டால் கீரைப்பொதிக்கு எங்கே போவது?

மற்றபடி அவனுக்கு நல்ல வாழ்க்கை என்றுதான் சொல்லவேண்டும். கல்யாணம் இல்லை. தன் அக்கா பிள்ளைகள் ஐந்து பேரைப் படிக்கவைத்தான். நியூசிலாந்து விசாவுக்கு ஊரில் பாதிப் பேருக்கு மனு எழுதிக்கொடுத்தது அவன்தான். ‘தாழ்மையுடன் வேண்டப்படுகிறது’ என்று எழுதமாட்டான், ‘நான் வேண்டுகிறேன்’ என்றுதான் எழுதுவான். ஊரான் வாக்கியத்தில் எல்லாம் ஆளைத் தேடிப்பிடித்து உட்காரவைத்தான்.

அம்மா செத்தாள். சாகும்போதும் “ரெண்டு கயிறு” என்றாள். செமிசி வரவில்லை, பணமும் ஒரு கருப்புச் சட்டையும் வந்தன. வருஷத்துக்கு நாலு கடிதம் எழுதுவான். ஒவ்வொன்றிலும் கடைசி வரி ஒன்றேதான்: ‘கல்யாணம் எப்போது அக்கா?’ எனக்கு நாற்பது வயது, ஐம்பது வயது ஆனபோதும் அதே கேள்வி. கிண்டலை விடமாட்டான் கழுதை என்று சிரித்துக்கொள்வேன்.

இரண்டாயிரத்துப் பதினேழில் செமிசிக்கு மாரடைப்பு. நான் ஆக்லாந்து போய்ச் சேர்ந்தபோது முகத்தைத்தான் பார்க்கமுடிந்தது. தன்னை அங்கேயே புதைக்கச் சொல்லியிருந்தான். புதைத்தோம்.

நான் ஊர் திரும்பிய மூன்றாம் நாள். விடிந்தும் விடியாத நேரத்தில், சுவருக்குப் பதிலாகத் தொங்கும் ஓலைத் தட்டியைத் தூக்கினால் முற்றத்தில் ஒரு பாய். பாய்க்குக் கீழே ஓர் ஆள். முன்னால் அடுப்புக் கல்லும் விறகும்: உங்களுக்கு விருப்பமானால் என்னைப் பன்றியாகச் சுட்டுக்கொள்ளுங்கள் என்பது அதற்குப் பொருள். விறகுக்கு மேலே சுருட்டி வைத்த நீலக் கயிறு.

இதற்குக் குடும்பமே திரண்டு வரவேண்டும். தனியாக வந்து பார்த்ததில்லை. பாய்க்கு வெளியே கால் தெரிந்தது, கோணல் பெருவிரல். பாயும் தெரிந்தது. சிவப்பு இறகு வெளுத்துப்போன பாய்.

“யாரு?” தெரிந்தேதான் கேட்டேன்.

“ரூத்தா, கயிறு வந்திருக்கு.”

அப்போதும் பாருங்கள்! எனக்குத் தலைக்கேறியது. “வந்திருக்கா? தானாவா வந்திச்சு? முப்பத்தெட்டு வருஷம் எங்க போய் மேஞ்சிட்டு வந்திச்சு?”

பாய் அசைந்தது. “நான் எடுத்தேன்.” கொஞ்சம் பொறுத்து மறுபடி, சத்தமாக, “நான்தான் எடுத்தேன்.”

குனிந்தபடியே சொன்னான். சனிக்கிழமை சாயங்காலம் பாஸ்டர் விருந்துக்கு வைத்திருந்த பன்றி நார்க்கயிற்றை அறுத்துக்கொண்டு லேவாசா ஐயா கிழங்குத் தோட்டத்துக்குள் ஓடிவிட்டது. பிடித்தாயிற்று, கட்டக் கயிறு இல்லை. கரையில் படகுக்கு இரண்டு கயிறு இருந்தது. செமிசி இழுத்துப் பார்த்துவிட்டுப் போய்ப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. எங்களூரில் கயிறு, கத்தி, வாளி எல்லாம் யாருடையதும் எல்லாருடையதுதான், கேட்டு எடுக்கிற வழக்கமே கிடையாது. பன்றியைக் கட்டிவிட்டு உடனே பழைய கயிற்றை முடிந்து மாற்றிக்கொண்டால் போயிற்று என்று எடுத்திருக்கிறான். அதற்குள் ஜெபத்துக்குச் சங்கு ஊதிவிட்டார்கள். சங்கு ஊதினால் யாரும் வெளியே நடமாடக் கூடாது. ஜெபம் முடிந்தபோது மழை. ஒரு கயிறு தாங்கும் என்று படுத்துவிட்டான்.

நான் உள்ளே போய்த் தட்டியை இறக்கிவிட்டு உட்கார்ந்தேன். அழுகை வரவில்லை. அந்தப் பன்றியைத் தலைவர்கள் தின்றுவிட்டுத்தான் மறுநாள் என் தம்பியை விலக்கினார்கள் என்பது மட்டும் மண்டைக்குள் சுற்றியது. வெளியே ஆட்கள் கூடிவிட்டார்கள். அவன் மருமகன் வந்து தூணருகில் நின்றான்.

“பெரியம்மா, வெயில் ஏறுது. மாமாவுக்கு சுகர். பாயத் தூக்கிடுங்க.”

“முப்பத்தெட்டு வருஷம் எந்தம்பிக்கு ஏறாத வெயிலா? புத்தகத்தக் கொண்டாங்க. எழுபத்தொன்பதாம் வருஷப் புத்தகம். அதுல எழுதட்டும், அப்புறம் தூக்கறேன்.”

புத்தகம் பழைய தலைவர் வீட்டுப் பெட்டிக்குள். பெட்டிச் சாவி அந்த வீட்டு மருமகளிடம். மருமகள் சலேலோலோகா சந்தைக்குப் போயிருந்தாள், மத்தியானப் பஸ்ஸில்தான் வந்தாள். அதுவரை அவன் அசையவில்லை. யாரோ தண்ணீர் கொண்டுபோனார்கள், வேண்டாம் என்றான். நான் தட்டி இடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பாவம் என்று தோன்றத்தான் செய்தது. தோன்றியும் எழுந்து போகவில்லை.

புத்தகம் வந்தது. கரையான் தின்றதுபோக வரி இருந்தது. பாய்க்கு அடியில் தள்ளினேன். காதிலிருந்து பேனாவை எடுத்து, முழங்காலில் வைத்து எழுதினான். ‘இரண்டாவது கயிற்றை நான் எடுத்தேன். செமிசி இரண்டு கயிறும் கட்டியிருந்தான். பெனியாமினா.’ முத்து எழுத்தெல்லாம் போய்விட்டது, கோழி கிளறியது மாதிரி இருந்தது. நான் உரக்க வாசித்தேன். அம்மா இல்லை கேட்க.

பாயில் கை வைத்தேன். அவன் உள்ளிருந்து ஓரத்தைப் பிடித்துக்கொண்டான்.

“தூக்காத. தூக்கிட்டா அப்புறம் பேச முடியாது. இன்னொண்ணு இருக்கு.”

“என்ன?”

“செமிசிக்குத் தெரியும்.”

எனக்குப் புரியவில்லை.

“ஞாயித்துக்கிழம விடிகாலையில கயிறத் தேடிட்டுப் பன்னிப்பட்டிப் பக்கமா வந்தான். பன்னி கழுத்தப் பாத்தான். என்னப் பாத்தான். நான் சொல்லிடறேன்டான்னேன். பேசாம இருங்க அத்தான், உங்க பேரு கெட்டா எங்க அக்கா பேரும் சேந்துதான் கெடும், அவள நல்லா வச்சிக்கிடுங்க, அது போதும்னான். போயிட்டான்.”

சபையில் அந்த வெகுநேர மௌனம். கோழி கத்திய சத்தம். ‘தெரியலீங்க.’ எல்லாம் ஒன்றாக வந்து நெஞ்சில் விழுந்தது. என் தம்பி என்னை விட்டுவிட்டுப் போகவில்லை, தன் ஊரையே விலையாகக் கொடுத்து எனக்கு மாப்பிள்ளை வாங்கிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான்.

“அப்ப ஏன்டா வந்து என்னக் கேக்கல?” ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. இருந்தாலும் கேட்டேன். “அவன் அதுக்குத்தானே போனான்?”

“கேட்டிருந்தா நீ சரின்னிருப்ப. அவன் ஊர வித்து நான் உன்ன எப்படி எடுத்துக்கறது?”

“அப்ப சொல்லியாவது தொலைச்சிருக்கலாமே!”

“சொல்லியிருந்தா மரத்தடிக்கு வரமாட்ட.”

பாயைத் தூக்கினேன். அவன் நிமிர முயன்றான், முடியவில்லை. நானும் மருமகனும் ஆளுக்கொரு கையாகத் தூக்கி நிறுத்தினோம். பாய் வழக்கப்படி எங்கள் வீட்டோடு நின்றுவிட்டது. பெண் கேட்க முடைந்த பாய், வரவேண்டிய வீட்டுக்குத்தான் வந்து சேர்ந்தது.

அதன்பிறகு நாலு மாதம் இருந்தான். தினமும் மத்தியானம் என் வீட்டுக்கே வந்தான், பள்ளிக்கூடத்து மரத்தைப் புயல் சாய்த்துவிட்டதால். கிழங்கு தின்றோம். மழையைப் பற்றிப் பேசினோம். தீர்ந்ததைப் பேசக் கூடாது என்பதால் பேசவில்லை. பேசியிருக்கலாம். யார் வந்து காதை வைத்துக் கேட்கப்போகிறார்கள்? அவ்வளவு வெயிலில் அவனை உட்காரவைத்தது நான்தான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்வதற்குள் போய்விட்டான்.

அவனை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு எழுந்துபோகத்தான் இதைத் தொடங்கினேன். ஆனால் ஆக்லாந்திலிருந்து நான் கொண்டுவந்த செமிசியின் பெட்டியில், நான் அவனுக்கு எழுதிய கடிதங்கள் முப்பத்தெட்டு வருஷத்துக்கும் வரிசையாக அடுக்கியிருந்தன. எடுத்து வாசித்தேன். ‘கல்யாணம் எப்போது அக்கா?’ என்று அவன் ஒவ்வொரு முறை கேட்டதற்கும் நான் ஒரே பதில்தான் எழுதியிருக்கிறேன். ‘அப்படி ஒன்றும் இல்லை.’

பெனியாமினாவை நான் விரும்புகிறேன், அவன் ஏனோ வரமாட்டேன் என்கிறான் என்று ஒரே ஒரு கடிதத்தில் எழுதியிருந்தால் போதும். வரியாவது விலக்காவது, செமிசி அடுத்த விமானத்தில் வந்திறங்கி, அவன் காதைப் பிடித்து இழுத்துவந்து என் முற்றத்தில் நிறுத்தியிருப்பான். அம்மாவும் பார்த்திருப்பாள். எழுதவில்லை. நான்தான் எழுதவில்லை.